படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வது: வடசென்னைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

கேரம் போர்டில் எந்தக் காயை எப்படி அடித்தால் எந்தப் பாக்கெட்டில் விழும் என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். வடசென்னையில் இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் ட்யூஷன் மாற்றுவதுதான். தெருமுனை அக்காவிடமிருந்து ட்யூஷன் சென்டர், அங்கிருந்து இன்னொரு சென்டர். எங்கே போனாலும் அதே பாடம், அதே 'பத்து தடவை எழுது'. இப்படியே ஆறாம் வகுப்பு வந்துவிடும். அதற்குள் பிள்ளையே தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கியிருக்கும்.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது புத்திக் குறைவு அல்ல. பெரும்பாலும், பேச்சில் உள்ள சத்தங்களைப் பிரித்து, எழுத்தோடு இணைத்து, யோசிக்காமலே வாசிக்கும் அளவுக்குப் பழகுவது மூளைக்குக் கடினமாக இருக்கும் நிலை அது. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா. இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் உண்டு. குடும்பத்தில் தொடர்வது சகஜம் என்பதால் அப்பா, தாய்மாமன், அத்தை எல்லாம் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு வேறு. அதில் பேச்சு, தன் வேலையைத் தானே செய்வது, விளையாட்டின் விதி புரிவது எல்லாமே பின்தங்கும். இங்கே பேசுவது முதல் வகையைப் பற்றி.

குறைபாட்டுச் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். வாசிப்பு எந்தப் படியில் உடைகிறது என்று பார்த்து, அந்தப் படியிலிருந்து தொடங்குங்கள். காகித வேலை பக்கத்தில் ஓடட்டும்.

முதல் படி: வேறு காரணம் இருக்கிறதா?

கண்ணையும் காதையும் முதலில் பாருங்கள். காதில் சீழ் வடிந்து வடிந்து நின்ற பிள்ளைகளுக்கு லேசான கேட்புக் குறைவு இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பும், ஆனால் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெளிவாகக் கேட்காது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, காது மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ரத்தசோகை, சரியான தூக்கமின்மை, மாதக்கணக்கில் பள்ளிக்குப் போகாதது, தமிழ் வழியிலிருந்து திடீரென ஆங்கில வழிக்கு மாற்றியது ஆகியவையும் கற்றல் குறைபாடு போலவே தோன்றும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவற்றைக் கேட்கலாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் குழு பரிசோதிக்கும் பட்டியலிலேயே கற்றல் கோளாறும் இருக்கிறது. நீங்களாகக் கேட்டால்தான் அந்தக் கட்டத்தைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

நம்ம ஏரியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. 'வாழைப்பழம்' பலர் வாயில் 'வாயப்பயம்', 'வந்துகொண்டு' என்பது 'வந்துக்கினு'. பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதினால் அது சத்தத்தைச் சரியாகப் பிரிக்கிறது என்று பொருள். ல, ள, ழ குழப்பமும், ன, ண குழப்பமும் மட்டும் இருந்தால் அது குறைபாட்டின் அடையாளம் ஆகாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு, வீட்டு மொழியில் கதை சொல்லும் திறன் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே அரை மணி நேரச் சோதனை

இது நோயறிதல் இல்லை. எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும். காலையில், பசியில்லாத நேரத்தில் செய்யுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு மருத்துவரிடம் அது பெரிதாக உதவும்.

பிள்ளையின் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தில், இதுவரை படிக்காத பத்தி ஒன்றைக் கொடுங்கள். 10 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் பத்தி கடினம், இன்னும் கீழே போங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தைக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். படத்தைப் பார்த்தே முழுப் பக்கத்தையும் ஒப்பிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு.

அடுத்து, அர்த்தமே இல்லாத சொற்கள்: தாமிபு, கெலடி, நோபகை, சிருடம், பேவிகு. இவற்றை நினைவிலிருந்து சொல்ல முடியாது, எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். பழகிய சொற்களை ஓரளவு வாசித்து இதில் மட்டும் திணறினால், பிள்ளை சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்று அர்த்தம்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வாய்வழியாக: 'படகு'ல 'ட' இல்லாம சொல்லு (பகு). 'பால்'ல முதல் சத்தத்துக்குப் பதிலா 'க்' போடு (கால்). 'கல்'லோட கடைசி சத்தம் இன்னா (ல்). இப்படிப் பத்துக் கேளுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை இவற்றில் பாதிக்கு மேல் தவறவிட்டால் அடித்தளமே சத்தத்தில் ஆடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுப்பது வீண்.

கடைசியாக 15 சொல் டிக்டேஷன். எத்தனை தவறு என்பதைவிட என்ன வகைத் தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி விடுகிறதா, 'கெ', 'கே', 'கை' மாறுகிறதா, 'கொ' எழுதும்போது கால் குறியை மறக்கிறதா, எழுத்து இடம் மாறுகிறதா, ஒரே சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுகிறதா. கடைசியில் சொன்னதுதான் வலுவான அடையாளம்.

மூன்றாம் படி: தினமும் 30 நிமிடம்

வாரத்தில் ஆறு நாள், ஒரே நேரம், ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. முதல் 3 நிமிடம், ஏற்கெனவே கற்ற எழுத்துகளை எழுதிய பழைய அட்டைகள். அடுத்த 5 நிமிடம் மேலே சொன்ன சத்த விளையாட்டு. 7 நிமிடம் புதிய எழுத்து அல்லது புதிய குறி ஒன்று, ஒன்றே ஒன்று. 7 நிமிடம் பத்துப் பன்னிரண்டு சொல் வாசிப்பு. 5 நிமிடம் அதே சொற்களில் ஐந்தும் ஒரு வாக்கியமும் டிக்டேஷன். மீதி 3 நிமிடம் நீங்கள் வாசிக்க, பிள்ளை கேட்க வேண்டும். இந்தக் கடைசி மூன்று நிமிடத்தைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். அது இல்லையென்றால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புதுச் சொல் வந்து சேரும் வழியே அடைபட்டுப்போகும்.

தமிழில் 247 எழுத்து இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். 18 மெய்யும் 12 உயிரும் அவற்றின் குறிகளும் கைக்கு வந்தால் மற்றவை வரும். ஆனால் அ, ஆ, இ என்ற வரிசையிலோ, க, ங, ச என்ற வரிசையிலோ தொடங்காதீர்கள். பாட்டாகப் பாடும்போது வரும் எழுத்து, தனியாகக் காட்டினால் வராது. 'ங'வை வைத்துப் பிள்ளை வாசிக்க ஒரு சொல்கூடக் கிடைக்காது.

ப, ட, ம, ர, க, ல ஆறும், கூடவே புள்ளியும். இது முதல் தொகுதி. இவற்றிலேயே படம், மரம், கடல், பகல், கல், பல், மடல் என்று முழுச் சொற்கள் வருகின்றன. பிறகு கால் குறி: பால், கால், பாடம், காகம். பிறகு 'இ' குறி: படி, மாடி, பிடி, கிடா. அப்புறம் த, வ, ன, ச, ய சேர்க்கலாம். 'உ' குறியைத் தள்ளிப் போடுங்கள். கு, டு, மு ஒரு மாதிரி, து, நு, லு ஒரு மாதிரி, சு, பு, வு ஒரு மாதிரி என்று அது எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். ஒரு குடும்பத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கொம்பு வரும்போதுதான் பெரும்பாலான பிள்ளைகள் விழுவார்கள். 'கெ' என்பதில் காதுக்கு முதலில் வருவது 'க்', கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அதனால் கொம்பையும் மெய்யையும் ஒரே அட்டையில் ஒட்டி, ஒரே துண்டாகக் காட்டுங்கள். இடப்பக்கக் கொம்பைச் சிவப்பு மையில் எழுதி, 'சிவப்பைப் பார்த்தா கொஞ்சம் நில்லு, அடுத்த எழுத்தோட சேர்த்துச் சொல்லு' என்று பழக்குங்கள். 'ெ' கைக்கு வந்து பத்து நாளாவது ஆன பிறகே 'ே' காட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் ஆயுளுக்கும் குழம்பும். 'ஔ' குறி கடைசியில் போதும்.

ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற இவற்றைத் தனித்தனியாக உடைக்காமல் ஜோடியாகவே கற்றுக்கொடுங்கள். 'கடல்' என்பதில் உள்ள 'க'வும் 'சங்கு' என்பதில் உள்ள 'கு'வும் எழுத்தில் ஒரே மெய், சத்தத்தில் வேறு. ஜோடியாகப் பழகினால் அந்தச் சத்தம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குறியிலிருந்து அடுத்ததற்கு எப்போது போவது? கலைத்துப் போட்ட பத்து அட்டையில் ஒன்பது, தொடர்ந்து மூன்று நாள் சரியாக, தயங்காமல் வந்தால். தயக்கமும் கணக்கில் சேரும். மூன்று நொடி யோசித்துச் சரியாகச் சொன்னாலும் அது இன்னும் பழகவில்லை. நிறையப் பேர் வேகமாக நகர்ந்து, ஒரு மாதம் கழித்து எல்லாம் கரைந்துவிட்டது என்று வருந்துவார்கள். அவை அப்போதே இறுகியிருக்கவில்லை.

புது எழுத்தை ஒரு தட்டில் ரவை பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். வாய் பேசாமல் விரல் மட்டும் ஓடினால் அது கோலம். தவறினால் 'தப்பு' என்று நிறுத்தாதீர்கள். அந்த எழுத்தைத் தொட்டு, 'கண்ணு, இது இன்னா சத்தம்?' என்று கேளுங்கள். மூன்று நொடியில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள், மறுநாள் அட்டைக்கட்டில் அது முதலில் வரட்டும்.

நான்காம் வகுப்புக்கு மேல் இன்னொரு சுவர் வரும்: நீளமான சொல். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதைப் பார்த்ததும் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். பென்சிலால் வந்து / கொண்டு / இருந்தவர் / களுக்கு என்று கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லிக்கொடுங்கள். களை, களுக்கு, களிடம், இலிருந்து, ஆகவே போன்ற முடிவுகளைத் தனி அட்டையாக்கி, பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். ல, ள, ழ எழுத்துகளுக்குக் காது உதவாது. வாரம் ஐந்து சொல் வீதம் பட்டியலாக நினைவில் ஏற்றுவதுதான் வழி.

ஞாபக சக்தி டானிக், நடுமூளைப் பயிற்சி, கலர் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வல்லாரைக் கீரை நல்ல கீரை, துவையல் செய்து சாப்பிடலாம். எழுத்து சொல்லிக்கொடுக்காது.

கணக்கில் தடுமாறினால்

வாய்ப்பாட்டை விட்டுவிட்டு முதலில் இடமதிப்புக்குப் போங்கள். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் போதும். 43-லிருந்து 27 எடு என்றால், ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாற்றித்தான் கொடுக்க முடியும் என்பதைக் கையால் செய்ய வேண்டும். அதன்பிறகே 'கடன் வாங்குவது' நோட்டில் வரட்டும். மீன் வாங்கப் போகும்போது கணக்குப் போடும் பிள்ளை நோட்டில் தோற்றால், சிக்கல் எண்ணின் அளவைப் புரிந்துகொள்வதில் இல்லை, எழுதும் முறையில் இருக்கிறது.

தமிழ் எண்ணுப் பெயரும் ஒரு கண்ணி. தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் கேட்கிறது. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளை 90-ஐ 900 என்று எழுதுவதற்கு இது ஒரு காரணம். 80, 90, 100 மூன்றையும், 800, 900, 1000 மூன்றையும் பணமாக அடுக்கி வைத்துப் பழக்குங்கள். வாய்ப்பாட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள், அது ஏமாற்று வேலை இல்லை.

பள்ளியில் என்ன கேட்பது

நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் ஆசிரியரால் தனிப்பாடம் எடுக்க முடியாது. அவரால் முடிவதை மட்டும் கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், முதல் நாளே எந்தப் பத்தி என்று சொல்லிவிடலாம். கரும்பலகையில் உள்ளதைப் பாதி எழுதினால் போதும், மீதியைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஒரு கேள்விக்காவது வாய்மொழியாகப் பதில் வாங்கலாம். இந்த நான்கையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அடுத்த ஆசிரியர் மாறியதும் காணாமல் போகும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து பொருத்தமான கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்று 'கல்வி நிலையங்களின் கடமை' என்ற தலைப்பிலேயே சொல்கிறது. முதல் சந்திப்பிலேயே சட்டத்தை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் அது கையில் இருக்கிறது என்று தெரிந்திருங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, உங்கள் சோதனை நோட்டை அவரிடம் காட்டுங்கள். பள்ளிக்கல்வி சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது.

மதிப்பீடும் சான்றிதழும்

2018-ல் வந்து 2024-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறையின்படி சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு, 18-ல் கிடைப்பது ஆயுளுக்கும் செல்லும். முதலில் குழந்தை மருத்துவர் நரம்பு, கண், காது பார்ப்பார். பிறகு மருத்துவ உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை செய்வார். அது 85-க்கு மேல் இருந்தால் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை, பெரும்பாலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு. ஒரே நாளில் முடியாது. இரண்டு மூன்று முறை வரவேண்டியிருக்கும் என்று வேலையில் முன்பே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரித்துத் தொடங்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கி, பச்சை வழித்தடத்தில் மாறினால் அடுத்த நிலையமே எழும்பூர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் பயந்து திரும்பிவிடாதீர்கள். உளவியல் சோதனை செய்யும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு நிறுவனம் இருக்கிறது, நமக்கு ஊரின் மறுகோடி. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தையும் அணுகலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பிள்ளையின் ஆதார், புகைப்படம், கடந்த இரண்டு வருட மதிப்பெண் பட்டியல், திருத்தாத பழைய நோட்டுகள், ஆசிரியர் கடிதம், உங்கள் சோதனை நோட்டு. புது நோட்டில் அழகாக எழுதவைத்து எடுத்துப் போவது பலர் செய்யும் தவறு. பிள்ளை எப்படித் தடுமாறுகிறது என்பதைக் காட்டும் நோட்டுதான் வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதனை நடந்தால், தமிழிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நுண்ணறிவு அளவு 70-க்கும் 85-க்கும் நடுவில் வந்தால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழும் கிடைக்காது, அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழும் கிடைக்காது. இது நியாயமா என்றால் இல்லை. ஆனால் மேலே சொன்ன 30 நிமிடப் பயிற்சி அந்தப் பிள்ளைக்கும் அதேபோலப் பொருந்தும். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மதிப்பிட்டால் மத்திய அரசின் யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பித்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டச் சலுகைகள் பெரும்பாலும் அந்த 40-ல்தான் தொடங்குகின்றன.

பொதுத்தேர்வு

எட்டாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடினால் கிடைக்காது. மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் ஆகியவை உண்டு. பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மொழி விலக்கை எடுக்கும் முன், பிள்ளை அடுத்து சேர நினைக்கும் படிப்பு அந்த மொழியைக் கேட்கிறதா என்று பாருங்கள். எல்லாச் சலுகையையும் எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. மெதுவாக எழுதினாலும் தானே எழுத முடிகிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதும்.

சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. வாக்கியத்தை மனதில் முழுதாகக் கட்டி, நிறுத்தக்குறியோடு சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் வாரம் ஒரு விடையையாவது வேறொருவர் எழுத, பிள்ளை சொல்லிப் பழகட்டும். பழகாமல் போனால் கூடுதல் நேரம் முழுக்க 'இல்ல சார், அப்டி இல்ல' என்பதிலேயே கழியும். வழக்கமான பள்ளியில் முடியவே முடியாது என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒரு பதிவு 5 ஆண்டு செல்லும், அதற்குள் 9 பொதுத்தேர்வு வாய்ப்புகள். ஆனால் அந்தச் சான்றிதழைப் பிறகு சேரப்போகும் இடம் ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இந்த வருடங்களில் வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளி நாளில் மட்டும் வரும் நோய், தூக்கமின்மை, 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற பேச்சு வந்தால், பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு

காசிமேட்டிலும் துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும், கைநாட்டுக்குச் சற்று மேலே நின்றுவிட்ட ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரர்கள், ஃபார்மைப் பார்த்தால் 'கண்ணாடி எடுத்துட்டு வரல' என்பார்கள். அவர்களுக்கும் அதே எழுத்து வரிசை பொருந்தும். ஆனால் படிக்கும் சொற்கள் வேறாக இருக்க வேண்டும்: பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, சம்பள ரசீது, வங்கிச் செய்தி. குழந்தைப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய், திரையில் தொட்ட எழுத்தை வாசித்துக்காட்டும் வசதியைத் தமிழ்க் குரலோடு இயக்கிக் கொடுங்கள். விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பழகினால் கை பழகும். ஃபார்ம் நிரப்ப, தன் பெயர், அப்பா பெயர், முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் ஐந்தையும் தெளிவாக எழுதிய ஒரு சிறிய அட்டை பர்ஸில் இருந்தால் பாதி ஃபார்ம் முடிந்த மாதிரி. பார்த்து எழுதுவதில் யாருக்கும் வெட்கம் வராது.

40 சதவீதச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்துக்குள் ஒரு பங்கு, கற்றல் குறைபாடு உள்ளவர்களும் சேர்ந்த பிரிவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பதினெட்டைத் தாண்டியவர் இதுவரை சான்றிதழ் வாங்கவில்லை என்றால் பழைய பள்ளி மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் பதிவு செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். சான்றிதழ் தரும் மருத்துவக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று அன்றே கேட்டுக்கொண்டு வந்தால் ஒரு நாள் கூலி மிச்சம்.